ஊரின் எல்லையும் பொதுநலத்தின் எல்லையும்: மவுண்ட் லாரல் வழக்கு காட்டும் புறநகர்க் குடியிருப்புச் சிக்கல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறநகர் ஊர்களில் ஏழைகள் குடியிருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை. 1968ஆம் ஆண்டில் நிறைவேறிய நியாய வீட்டுவசதிச் சட்டம், இனத்தையோ மதத்தையோ காரணமாகக் கொண்டு வீடு மறுப்பதைத் தடைசெய்துவிட்டது. ஆயினும், ஒரு மனை குறைந்தது எத்தனை சதுர அடி இருக்க வேண்டும், அதன் அகலம் எத்தனை அடி, ஒரு மனையில் எத்தனை குடும்பங்கள் வாழலாம், அடுக்குமாடி வீடொன்றில் எத்தனை படுக்கையறைகள் இருக்கலாம் என்னும் எண்களை ஓர் ஊரின் மன்றம் விதியாக்கும்போது, அவ்வூருக்குள் வரக்கூடியவர் யார், வர முடியாதவர் யார் என்பதும் அந்த எண்களிலேயே முடிவாகிவிடுகிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் மவுண்ட் லாரல் என்னும் ஊரில் 1970இல் எழுந்து, அரை நூற்றாண்டைக் கடந்தும் முழுமையாகத் தீராதிருக்கும் பூசல், இந்த எண்களுக்குப் பின்னால் நிற்கும் கேள்வியை நேருக்கு நேர் எழுப்பியது. தன் நிலத்தைப் பற்றி ஓர் ஊர் முடிவெடுக்கும்போது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் நலனை மட்டும் எண்ணினால் போதுமா, வெளியே நின்று இடம் தேடுகிறவர்களின் நலனையும் எண்ணியாக வேண்டுமா என்பதே அக்கேள்வி.

ஓர் ஊரின் நிலப்பரப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இப்பகுதியில் தொழிற்சாலை, இப்பகுதியில் கடை, இப்பகுதியில் வீடு என்று வரையறுத்து, ஒவ்வொரு பகுதியிலும் கட்டடத்தின் உயரம், பரப்பு, நெருக்கம் ஆகியவற்றையும் நிர்ணயிக்கும் முறைக்கு மண்டலப்படுத்தல் என்று பெயர். நெருக்கம் என்பது ஓர் ஏக்கரில் எத்தனை வீடுகள் கட்டலாம் என்னும் கணக்கு. நியூயார்க் நகரம் 1916இல் நகர் முழுமைக்குமான மண்டல விதிகளை இயற்றியபோது, வானுயர்ந்த கட்டடங்கள் தெருவின் வெளிச்சத்தையும் காற்றையும் மறைப்பதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் முதன்மையாக இருந்தது. புறநகர் ஊர்கள் இதே கருவியை வேறு வகையில் கையாண்டன. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்னும் ஊரின் விதிகளை எதிர்த்து அம்ப்ளர் என்னும் நிலவணிக நிறுவனம் தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் சதர்லாந்து, தனிவீடுகள் நிறைந்த பகுதியில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார். அதே வழக்கைக் கீழ் நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதி வெஸ்டன்ஹேவரோ, இவ்விதிகளின் உண்மையான விளைவு மக்களை அவர்களது வருமானத்தின்படி வகைபிரித்து வெவ்வேறு இடங்களில் வைப்பதே என்று முன்பே கண்டிருந்தார். மேல்முறையீட்டில் அவருடைய தீர்ப்பு நிலைக்கவில்லை. ஆனால் பின்வந்த நூறாண்டுக் காலம் அவர் கண்டதையே மெய்ப்பித்தது.

இந்தக் கருவி நியூ ஜெர்சியில் ஏன் இவ்வளவு கூர்மை பெற்றது என்பதை அறிய, அம்மாநிலத்தின் ஆட்சியமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். பரப்பில் சிறிய அம்மாநிலம் 564 உள்ளாட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறது. நிலப் பயன்பாட்டை வகுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உரியதே ஆயினும், அது ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பள்ளிகளுக்கான செலவில் பெரும்பகுதி ஊரின் சொத்து வரியிலிருந்தே வருவதால், நாட்டிலேயே மிகுதியாகச் சொத்து வரி செலுத்துவோருள் அம்மாநில வீட்டுக்காரர்களும் அடங்குவர். இந்த ஏற்பாட்டின்கீழ், வரி தந்து பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்பாத தொழிற்சாலை ஊருக்கு லாபம். குறைந்த வரி தரும் சிறு வீட்டில் மூன்று குழந்தைகளோடு குடியேறும் குடும்பம் ஊருக்கு நட்டம். இந்தக் கணக்கை முன்வைத்து நிலத்தை வகுப்பதை வரிநோக்கு மண்டலப்படுத்தல் என்பர். புறநகர் மக்களின் எதிர்ப்பு முழுவதையும் இனவெறுப்பு என்று ஒதுக்கிவிடுவோர் இந்தக் கணக்கைக் காணத் தவறுகிறார்கள். ஒரு குழந்தையைச் செலவினமாகப் பார்க்கும்படி ஊர்களைப் பழக்கியது அந்த வரி ஏற்பாடு. அதற்காக, அப்படிப் பார்ப்பது நியாயமாகிவிடாது.

மவுண்ட் லாரல், கேம்டன் நகரின் எல்லையிலிருந்து ஏழு மைல் தொலைவில், பிலடெல்பியாவுக்குப் பாலம் கடந்து வேலைக்குச் சென்று திரும்பக்கூடிய இடத்தில், 22 சதுர மைல் பரப்பில் அமைந்த சமவெளி ஊர். 1950இல் அங்கு 2,817 பேரே இருந்தனர். நெடுஞ்சாலைகள் வந்தன, வயல்கள் மனைகளாயின, 1970இல் மக்கள்தொகை 11,221 ஆயிற்று. இந்தப் புதிய குடியேற்றத்துக்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே அங்கு கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. குவேக்கர் சமயத்தார் மிகுந்திருந்த அவ்வட்டாரம், தென்மாநிலங்களிலிருந்து தப்பிவந்த அடிமைகளுக்குப் புகலிடமாக இருந்தது. அவர்களின் வழிவந்தோர் பண்ணைகளில் உழைத்து, ஸ்பிரிங்வில் என்னும் பகுதியில் குடியிருந்தனர். சிதைந்த வீடுகளிலும், கோழிக்கொட்டகையாக இருந்து குடியிருப்பாக மாற்றப்பட்ட கட்டடங்களிலும் சிலர் வாழ்ந்தனர். அவற்றைக் குடியிருக்கத் தகாதவை என்று அறிவித்த ஊர் நிர்வாகம், வெளியேறியவர்களுக்கு மாற்று வீடு எதையும் காட்டவில்லை. பிறந்த மண்ணிலேயே பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காமல், கேம்டனின் நெரிசலான தெருக்களுக்கு அவர்களை அனுப்பிவைக்கும் நிலைக்குப் பழங்குடும்பங்கள் தள்ளப்பட்டன.

இதற்குத் தீர்வாக, ஸ்பிரிங்வில் மக்கள் ஒரு குழுவாகத் திரண்டு 36 வீடுகள் கொண்ட கார்டன் அபார்ட்மெண்ட் ஒன்றைக் கட்ட முனைந்தனர். சுற்றிலும் புல்வெளி விட்டு இரண்டு மூன்று தளங்களுக்குள் அடங்கும்படி எழுப்பப்படும் வாடகைக் குடியிருப்புக்கே அமெரிக்காவில் அப்பெயர். நியூ ஜெர்சிக்கு வேலையின் பொருட்டு வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதலில் வாடகைக்குப் பிடிப்பது இத்தகைய வீட்டையே. உயர்நெருக்கக் குடியிருப்பு என்ற சொல் மனத்தில் எழுப்பும் வானளாவிய கோபுரத்துக்கும் அந்த 36 வீடுகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் ஊரின் விதிகள் அதற்கு இடந்தரவில்லை. மன்றமும் விதியைத் திருத்த மறுத்தது. 1970இன் இலையுதிர் காலத்தில், கறுப்பின மக்களின் ஜேக்கப் சேப்பல் தேவாலயத்தில் கூடியிருந்தோர் முன்னிலையில், இவ்வூரில் வாழக் கட்டுப்படியாகாதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற கருத்தை ஊரின் மேயரே தெரிவித்தார். குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவரும், தலைமுறை தலைமுறையாக அவ்வூரில் வேரூன்றிய குடும்பத்தில் வந்தவருமான எத்தல் லாரன்ஸ், மறு ஆண்டில் தொடுக்கப்பட்ட வழக்கின் முகமாக நின்றார். கேம்டனின் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த கார்ல் பிஸ்கயர், கென்னத் மைசர், பீட்டர் ஓகானர் என்னும் இளம் வழக்கறிஞர்கள் வழக்கை நடத்தினர்.

வழக்கு ஏட்டில் பதிவான ஊர்விதிகள் ஒவ்வொன்றும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. ஊரில் வீடுகளுக்கென வகுக்கப்பட்ட நான்கு மண்டலங்களிலும், மனைக்கு ஒன்று என்ற அளவில், ஒரே குடும்பம் வாழும் தனிவீட்டுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. முதல் மண்டலத்தில் மனையின் சிறும அளவு 9,375 சதுர அடி, அதாவது சென்னைக் கணக்கில் ஏறத்தாழ நான்கு கிரவுண்டு. மூன்றாம் மண்டலத்தில் அது 20,000 சதுர அடி, எட்டு கிரவுண்டுக்கும் மேல். ஒற்றைத் தள வீடாயினும் 1,100 சதுர அடிக்குக் குறையக் கூடாது. மற்றொரு பக்கம், ஊரின் நிலத்தில் 29 விழுக்காட்டுக்கு மேல், நாலாயிரத்துக்கும் அதிகமான ஏக்கர், தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. விசாரணை நடந்த காலத்தில் அதில் நூறு ஏக்கருக்கு மேல் தொழில் எதுவும் வந்திருக்கவில்லை. ஊரின் மொத்தப் பரப்பில் 65 விழுக்காடு காலியாகவோ பயிர்நிலமாகவோ இருந்தது. ஆகவே இடமில்லை என்று ஊர் சொல்ல வழியே இல்லை.

இவற்றினும் வெளிப்படையானவை, பெரிய அளவில் திட்டமிட்டு எழுப்பப்படும் வளாகங்களுக்கு அளிக்கப்பட்ட சிறப்பு அனுமதிகள். அவற்றில் அடுக்குமாடி வீடுகள் கட்டலாம். ஆனால், ஒரு படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுக் குழந்தை ஒன்றுகூட வசிக்கக் கூடாது என்றும், இரண்டு படுக்கையறை வீட்டில் அத்தகைய குழந்தைகள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வளாகத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளின் எண்ணிக்கை, வீட்டுக்கு 0.3 என்னும் விகிதத்தைத் தாண்டினால், மிகையான குழந்தைகளின் கல்விச் செலவைக் கட்டுநரே ஏற்க வேண்டும். பத்து வீட்டுக்கு மூன்று குழந்தைகள் என்பது ஓர் ஊரின் எழுத்து வடிவ உடன்படிக்கை. ஏழைகள் வேண்டாம் என்பதைவிட ஒரு படி மேலே சென்று, குழந்தை பெற்று வாழும் சாதாரணக் குடும்ப வாழ்க்கையையே ஊருக்கு ஆகாத சுமையாக இந்த விதி கருதியது. மண்டல விதிகளைப் பொறியியல் நுணுக்கம் என்று எண்ணிக் கடந்துபோகும் எவரும் இந்த ஒரு விதியையாவது நின்று படிக்க வேண்டும்.

நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. அதை எழுதிய நீதியரசர் பிரெடெரிக் ஹால், சட்டத்தின் அடிப்படைக்கே சென்றார். நிலத்தை வகுக்கும் அதிகாரம், மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலம் ஆகியவற்றைக் காக்க மாநிலத்துக்கு உள்ள அதிகாரத்தின் ஒரு பகுதி. ஊர் அதை மாநிலத்திடமிருந்து பெற்றே செலுத்துகிறது. ஆகையால், அந்த அதிகாரத்துக்கு எல்லையாக நிற்கும் பொதுநலமும் மாநில மக்கள் அனைவருடைய நலனாகவே இருக்க முடியும், ஊர் எல்லைக்குள் வாழ்வோருடைய நலனாக மட்டும் சுருங்க முடியாது. வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும், தன் வட்டாரம் முழுவதிலும் எளிய வருவாய்க் குடும்பங்களுக்குத் தேவைப்படும் வீடுகளில் தனக்குரிய நியாயப் பங்கு எழுவதற்கு நிலவிதிகளில் இடம் விட்டாக வேண்டும் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. தீர்ப்பு மாநில அரசியல் சாசனத்தை ஆதாரமாகக் கொண்டதால், வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க வாய்ப்பில்லாமற் போயிற்று. அது எத்துணை முக்கியமான காப்பு என்பது சில மாதங்களிலேயே தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரை ஒட்டிய பென்ஃபீல்ட் ஊரின் இதே போன்ற விதிகளை எதிர்த்து வெளியூர் ஏழைகள் தொடுத்த வழக்கை, அதே 1975 ஜூன் மாதம், வழக்குத் தொடுக்கவே அவர்களுக்குத் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. உள்ளே வர இயலாமற் செய்யப்பட்டவர், உள்ளே இல்லாத காரணத்தாலேயே முறையிடவும் முடியாது என்பதே அத்தீர்ப்பின் நடைமுறைப் பொருள். புறநகர்ப் பூசல்கள் அனைத்தின் அடியிலும் இக்குறையே கிடக்கிறது. ஊர்மன்றக் கூட்டத்தில் பேச எழுபவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள். வரவிருக்கும் வீட்டில் வாழப்போகிறவர் யாரென்று எவருக்கும் தெரியாது, அவருக்கு அங்கு வாக்கும் இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டதால் வீடு வந்துவிடவில்லை. மவுண்ட் லாரல் மன்றம், பொருத்தமற்ற மூன்று துண்டு நிலங்களை, மொத்தம் 20 ஏக்கர் அளவுக்கு, மறுவகைப்படுத்திவிட்டுக் கடமை முடிந்தது என்றது. ஊரின் பரப்பில் அது கால் விழுக்காட்டையும் எட்டவில்லை. வழக்கு மீண்டும் மேலேறியது. ஆறு வழக்குகளை ஒன்றிணைத்து 1983 ஜனவரியில் தலைமை நீதியரசர் ராபர்ட் வில்லென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பு, முதல் தீர்ப்பு வெறும் ஏட்டுச்சுரைக்காயாய்ப் போய்விட்டதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு, அறத்தைக் கணக்காக மாற்றியது. வட்டாரத்தின் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடைநிலை வருமானம். அதில் பாதிக்கு உட்பட்டோர் குறைந்த வருவாயினர், பாதிக்கு மேல் 80 விழுக்காடு வரை பெறுவோர் மிதமான வருவாயினர் என்று வகுக்கப்பட்டது. ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை வீடு என்னும் எண்ணைக் காண, இவ்வழக்குகளுக்கென்றே மூன்று நீதிபதிகள் நியமிக்கப்பட்டனர். அத்துடன் கட்டுநர் தீர்வு என்னும் வலிய கருவியும் உருவாயிற்று. தன் கடமையைச் செய்யாத ஊரை ஒரு கட்டுமான நிறுவனம் வழக்கில் வென்று, கட்டும் வீடுகளில் கணிசமான பகுதியை எளியோர்க்கு ஒதுக்கவும் முன்வந்தால், சூழலுக்கோ நல்ல திட்டமிடலுக்கோ கேடு இல்லாதவரை, ஊர்விதி அனுமதிப்பதைவிட நெருக்கமாகக் கட்டுவதற்கு நீதிமன்றமே ஆணையிடலாம்.

ஒதுக்கப்படும் பகுதி பொதுவாக ஐந்தில் ஒன்று. எளியோர்க்கான வீடுகளை விற்பதில் ஏற்படும் இழப்பைச் சந்தை விலை வீடுகளின் லாபம் ஈடுகட்ட வேண்டும் என்பதும், அதற்கு ஏக்கருக்கு அதிக வீடுகள் வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டின் பொருளாதாரம். அரசு பணம் போடாமலே வீடு கிடைப்பது அதன் வலிமை. அதன் விலையும் அதிலேயே இருக்கிறது. நூறு எளிய குடும்பங்களுக்கு வீடு வேண்டுமானால் ஐந்நூறு வீடுகள் கட்டியாக வேண்டும். பண்ணை நிலம் அழிகிறது, சாலை நெரிகிறது, பள்ளி நிரம்புகிறது என்று ஊர்க்காரர்கள் எழுப்பும் குறைகளில் உண்மை உண்டு. ஆனால், ஒரு புதிய குடும்பத்துக்குத் தலா நான்கு கிரவுண்டு முதல் எட்டு கிரவுண்டு வரை நிலம் கேட்ட பழைய விதியைவிடப் பண்ணை நிலத்தை வேகமாக விழுங்கியது வேறெதுவும் இல்லை. நெருக்கத்தை எதிர்ப்பதும் பசுமையைக் காப்பதும் ஒன்றே என்னும் நம்பிக்கை, புறநகர் விவாதங்களில் மிக எளிதாக ஏற்கப்படுவது, மிக அரிதாகச் சோதிக்கப்படுவது.

அரசியல் எதிர்வினை கடுமையாக இருந்தது. வில்லென்ட்ஸின் பதவி நீட்டிப்பு 1986இல் மாநில மேலவையில் 21க்கு 19 என்று மயிரிழையில் தப்பியது. அதற்கு முந்தைய ஆண்டே சட்டமன்றம் தனி நியாய வீட்டுவசதிச் சட்டம் இயற்றி, எண்களை வகுக்கும் பொறுப்பை நீதிபதிகளிடமிருந்து ஒரு மாநில அவைக்கு மாற்றியிருந்தது. அச்சட்டத்தின் ஒரு பிரிவு, ஊர் தன் பங்கில் பாதி வரையிலான வீடுகளைப் பணம் கொடுத்து வேறோர் ஊரின் தலையில் ஏற்றிவிட அனுமதித்தது. செல்வம் படைத்த புறநகர்கள் பணம் கொடுத்தன. வறுமையில் உழன்ற பழைய நகரங்கள் அதைப் பெற்றுக்கொண்டு தம் ஏழைகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. அந்நகரங்களுக்கு அப்பணம் தேவைப்பட்டது என்பது மெய்யே. ஆயினும், எந்தப் பிரிவினையை அகற்றத் தீர்ப்பு எழுந்ததோ அதையே விலைபேசி நிலைநிறுத்திய இப்பிரிவு 2008 வரை நீடித்தது, அவ்வழக்கின் வரலாற்றில் மிக வருந்தத்தக்க பகுதி.

எத்தல் லாரன்ஸ் 1994இல் மறைந்தார். மவுண்ட் லாரலில் அவர் கேட்ட வீடுகள் அப்போதும் எழவில்லை. ஓகானர் நிறுவிய இலாப நோக்கற்ற அமைப்பு முன்வைத்த திட்டம் 1997இல் ஊரின் திட்டக் குழுவின் முன் வந்தபோது, குற்றம் பெருகும், வீட்டு விலை சரியும், வரி உயரும் என்று கூட்டங்களில் குரல்கள் கொதித்தன. இறுதியில் அனுமதி கிடைத்தது. எத்தல் லாரன்ஸின் பெயரையே தாங்கிய வளாகத்தில் 2000ஆம் ஆண்டின் இறுதியில் முதற் குடும்பங்கள் குடியேறின. பின்னர் அது 140 வீடுகளாக வளர்ந்தது. ஐந்தில் ஒன்று என்னும் கலப்பு அங்கு இல்லை. அத்தனை வீடுகளும் எளியோர்க்கே உரியவை. இடைநிலை வருமானத்தில் பத்து விழுக்காடே பெறுவோர் முதல் 80 விழுக்காடு பெறுவோர் வரை அங்கு வாழ்கின்றனர்.

கூட்டங்களில் எழுந்த அச்சங்கள் மூன்றும் அளந்து பார்க்கக்கூடியவை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மேசியும் அவருடைய உடனாய்வாளர்களும் அவற்றை அளந்தே பார்த்து, 2013இல் நூலாக வெளியிட்டனர். ஒத்த தன்மையுள்ள அண்டை ஊர்களோடு ஒப்பிட்டபோது, குற்ற விகிதத்திலோ, வீட்டு மதிப்பிலோ, வரியிலோ அவ்வளாகத்தால் வந்த மாற்றம் எதுவும் புலப்படவில்லை. அக்கம்பக்கத்தில் வாழ்வோரில் கணிசமானவர்களுக்கு அப்படி ஒரு குடியிருப்பு அங்கு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அங்கு இடம் கிடைத்தவர்களை, விண்ணப்பித்து இன்னும் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, வேலை, வருமானம், மனநலம், பிள்ளைகள் பயிலும் பள்ளியின் தரம் ஆகிய அனைத்திலும் முன்னவர் நிலை மேம்பட்டிருந்தது. ஊர்க்கூட்டத்தின் அச்சத்தை இவ்வளவு பொறுமையாக ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் அரிது. ஆனால் வேறோர் ஊரில் அடுத்த திட்டம் வரும்போது அதே மூன்று அச்சங்களும் அதே வரிசையில் எழுப்பப்படுகின்றன என்பதும் உண்மை.

எண்களை வகுக்கும் பொறுப்பை ஏற்றிருந்த மாநில அவை காலப்போக்கில் செயலற்றுப் போனது. புதிய எண்களை வகுக்க அதனால் இயலாமற் போனபோது, மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் பொறுப்பை மீண்டும் நீதிமன்றங்களிடமே எடுத்துக்கொண்டது. 2024 மார்ச் மாதம் ஆளுநர் பில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் அந்த அவையை முறைப்படி ஒழித்து, சுற்றுச் சுற்றாக வகுக்கப்படும் பங்குகளில் 2025 முதல் பத்தாண்டுக்கான நான்காம் சுற்று எண்களை மாநிலத் துறை ஒன்றே கணக்கிட வழிசெய்தது. அதை எதிர்த்துச் சில ஊர்கள் வழக்குத் தொடுத்தன. இத்தனை இழுபறிக்கு நடுவிலும் மாநிலம் முழுவதும் கட்டுப்படியாகும் வீடுகள் பல பத்தாயிரம் எழுந்துள்ளன.

அவற்றுள் பழையவற்றுக்கு வேறொரு நெருக்கடி வந்திருக்கிறது. கட்டுப்படியாகும் விலை என்னும் நிபந்தனை ஒரு வீட்டோடு என்றென்றும் ஒட்டியிருப்பதில்லை. அது பத்திரத்தில் எழுதப்படும் ஆண்டுக்கணக்கு. 1980களில் எழுந்த வீடுகளின் கெடு ஒவ்வொன்றாக முடிந்து, அவை சந்தை விலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. புதிதாகக் கட்டப்படும் வாடகை வீடுகளுக்கு அக்கெடுவை 40 ஆண்டாகவும் விற்பனை வீடுகளுக்கு 30 ஆண்டாகவும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. கெடு முடியும் வீட்டின் நிபந்தனையை நீட்டிக்கச் செய்யும் ஊருக்கு அவ்வீட்டைத் தன் பங்கில் சேர்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஏற்கெனவே உள்ள வீட்டில் ஏற்கெனவே வாழும் குடும்பத்தைத் தக்கவைக்கும் இந்த வேலைக்குப் புதிய நிலம் வேண்டியதில்லை, கூடுதல் நெருக்கம் வேண்டியதில்லை, பள்ளியில் புதிதாக ஓர் இருக்கையும் வேண்டியதில்லை. நான்காம் சுற்றில் ஊர்கள் வகுக்கும் திட்டங்களில் முதலில் படித்துப் பார்க்க வேண்டிய பக்கம் அதுவே.